அடைகாக்காத கோழி

சுற்றுலாக்காரர்களின் வெள்ளைக் கப்பல் வருகிற நாளில் எங்கள் எரிமலைக்குக்கூட மரியாதை வந்துவிடும். முந்தின நாள் வரை உறுமிக்கொண்டும் கந்தகத்தைக் கக்கிக்கொண்டும் கிடந்த தாவுர்வுர், கப்பலின் ஊதல் கேட்டதும் ஒரு கீற்றுப் புகையை மட்டும் மேலே விட்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிற்கும். மலைக்கே இவ்வளவு தெரிகிறபோது என் நாத்தனார் மகன் பெனியாஸுக்குத் தெரியாதா? மற்ற நாட்களில் ரக்பி பனியனும் அரைக்கால் சட்டையுமாகத் திரிகிறவன், கப்பல் நாளில் இடுப்பில் சிவப்புத் துணி கட்டி, முகத்தில் சுண்ணாம்பு தீற்றி, காதில் பூ வைத்துக்கொண்டு வெந்நீர் ஊற்றின் கரையில் முன்னோர்களின் பிரதிநிதியாக நிற்பான்.

அவனைப் பார்க்கவோ கப்பலைப் பார்க்கவோ நான் ரபாவுல் துறைமுகத்துக்குப் போகவில்லை. என் மகள் தொர்க்காஸை அழைத்துவரப் போனேன். அவளும் அவள் கணவன் அமீனியோவும் கைக்குழந்தையும் மலையின் காலடியில், அதே கரையில், தகரக் கூரை போட்ட வீட்டில் இருந்தார்கள். சில வாரங்களாக நிலம் ஆடிக்கொண்டிருந்தது. மலையின் வயிறு வீங்குகிறது, கரையில் இருப்பவர்கள் மூட்டை கட்டி வையுங்கள் என்று வானொலி காலையும் மாலையும் சொன்னது. பெரிய வெடிப்புக்குப் பிறகு உள்நாட்டில் எங்களுக்குக் கொடுத்த கொக்கோ நிலத்தில்தான் நான் இருக்கிறேன். அங்கிருந்து ஆள் மேல் ஆளாகச் சொல்லியனுப்பினேன். மகள் ஒரே பதிலைத் திருப்பியனுப்பினாள்.

"கோழி இன்னும் முட்டை போடுது. அது கிளம்பட்டும், நாங்களும் கிளம்பறோம்."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் வேனில் ஏறினேன்.

கோழி என்று நாங்கள் சொல்வது வீட்டுக் கோழியை அல்ல. காட்டிலிருந்து வரும் கறுத்த பறவை. உடம்பு சின்னது, கால் பெரியது. விடியும் நேரத்தில் வந்து, மலையின் சூடு ஏறிய மணலில் குழி பறித்து முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடும். திரும்பியே பார்க்காது. குஞ்சு தானாக மண்ணைக் கீறி மேலே வந்து தானாகப் பறந்துபோகும். எங்கள் ஆண்கள் அந்த மணலில் ஆளுக்கொரு குழி வைத்திருப்பார்கள். ஆள் உயரத்துக்குத் தோண்டி, தலைகீழாக இறங்கி, முட்டையை எடுப்பார்கள். தன் முட்டையையே அடைகாக்காத பறவை தன் வீட்டைக் காக்கும் என்று, நான் பெற்று, பள்ளிக்கூடம் அனுப்பிப் படிக்க வைத்த பெண் நம்பினாள்.

வேனிலிருந்து இறங்கியபோது பெனியாஸின் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. வெயிலில் சிவந்துபோன பத்துப் பதினைந்து வெள்ளைக்காரர்கள் தொப்பியும் குடிநீர்ப் புட்டியுமாக நின்றார்கள். வெந்நீரில் வேகவைத்த முட்டை இலையில் இருந்தது. பக்கத்தில் அவனுடைய மஞ்சள் நாய், பெயர் கேப்டன், முட்டை ஓட்டை நக்கிக்கொண்டிருந்தது. பெனியாஸ் ஆங்கிலத்தில் பேசினான். அந்த ஆங்கிலத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான், மிஷன் பள்ளியில், சின்ன வகுப்பில். அவன் சொன்னது இது:

"எங்க முன்னோர்கிட்ட மெஷின் கிடையாது. இந்தக் கோழிதான் மெஷின். மலை வெடிக்கப் போகுதுன்னா இது முன்னாடியே கிளம்பிரும். பெரிய வெடிப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாக் கோழியும் கூட்டமா எழுந்து போச்சு. என் தாய்மாமன் தோகாலிட் அதைப் பார்த்தார். சங்கை எடுத்து ஊதினார். ஊரே தப்பிச்சுது. அவர் மட்டும், மலைகிட்ட விடைபெறணும்னு, திரும்பி நடந்து போனார்."

ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். மலையிடம் விடைபெறப் போனாராம்! தோகாலிட் என் கணவர். என்னிடமே சொல்லாமல் படகேறிப் போய் மூன்று நாள் கழித்து மீன் நாற்றத்தோடு வந்து சோறு கேட்கிற மனிதர். சங்கு ஊதினாராம். அவருக்கு விசிலடிக்கக்கூட வராது.

நடந்தது எனக்குத் தெரியும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பிருந்தே நிலம் குலுங்கியது. பானைகள் உருண்டன, கடல் பின்வாங்கிப் பின்வாங்கி வந்தது. ஊர் பாய் சுருட்டத் தொடங்கிவிட்டது. என் கணவர் மட்டும் பாக்கு மென்றுகொண்டு மணல்வெளியைப் பார்த்தபடி இருந்தார்.

"கோழி வருது பாரு," என்றார். "நேத்தைவிட ரெண்டு மடங்கு. மலை வெடிக்கிறதா இருந்தா இதுங்க வருமா? மனுஷனுக்குத்தான் பயம். கோழிக்குத் தெரியும்."

மண் சூடேறியதால் அவை வந்தன. அந்த மடப் பறவைகளுக்கு அடுப்பு நன்றாக எரிகிறது என்று மட்டும்தான் தெரியும். எதற்காக எரிகிறது என்று தெரியாது. இரட்டிப்பு முட்டையை விட மனமில்லாமல் அவர் மாலையில் குழிக்குப் போனார். கூடப் போனவன் பெனியாஸ். அவர் தலைகீழாக உள்ளே இறங்கியிருந்தபோது நிலம் குலுங்கி, குழி மூடிக்கொண்டது. நான் ஓடிப்போனபோது இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே இருந்தன. பெனியாஸும் இன்னும் இரண்டு பேரும் பிடித்து இழுத்தார்கள். மறுபடி குலுங்கியது. அந்த இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். நான் தேங்காய்ச் சிரட்டையால் மண்ணை அள்ளிக்கொண்டே இருந்தேன். பெனியாஸ் என்னை இடுப்போடு தூக்கிக்கொண்டு போய் லாரியில் போட்டான். மறுநாள் விடிந்ததும் மலை திறந்துகொண்டது. சாம்பல் கூரைகளை அழுத்தி உடைத்தது. கரை இருந்த இடம் தெரியாமல் போனது.

அவருக்குக் கல்லறை இல்லை. பூ வைக்க ஓர் இடம் இல்லை. ஓய்வுநாளை மீறியதற்குக் கூலி என்று போதகர் பிரசங்கம் செய்தார். அந்த ஓய்வுநாளின் மதியத்தில் அவர் வீட்டில் வெந்தது எங்கள் குழியின் முட்டைதான்.

கோழிகளா? சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். சாம்பலுக்குள் இறகோடு வெந்து கிடந்தன. கிளம்பிப் போன ஒரு கோழியையும் நான் காணவில்லை.

இவ்வளவையும் நான் அன்று அந்த வெள்ளைக்காரர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் போய் நின்று, நான் அவர் மனைவி, இவன் சொல்வது பொய், கோழி எங்கும் போகவில்லை, அதை நம்பித்தான் என் புருஷன் செத்தார் என்றேன். அமைதியாகக் கேட்டார்கள். பெனியாஸ் ஒரு நொடி திகைத்தான். ஒரே ஒரு நொடி. பிறகு தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, அவர்களிடம் சொன்னான்:

"எங்க வழக்கத்துல விதவை தன் புருஷனைப் புகழக்கூடாது. அதனால எல்லாத்தையும் தலைகீழாச் சொல்லுவாங்க. இது ரொம்ப அபூர்வம். உங்க பாக்கியம், நேர்ல கேட்டுட்டீங்க."

அவர்கள் கைதட்டினார்கள். அழுத கிழவி வந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். ஒருவர் என்னைப் படம் எடுத்தார். ஏதோ ஒரு குளிர்நாட்டு வீட்டுச் சுவரில் நான் இன்னும் அபூர்வமாகத் தொங்கிக்கொண்டிருப்பேன்.

கூட்டம் முட்டை தின்னப் போனதும் அவனைப் பாக்குமரத்தடிக்கு இழுத்துப் போனேன்.

"நாக்கு அழுகாதாடா உனக்கு?"

"அத்தை, கோபப்படாதீங்க. தலைகீழா மண்ணுக்குள்ள செத்தார்னு சொன்னா யார் அழுவாங்க?"

"நான் அழுதேனே."

அவன் காதிலிருந்த பூவை எடுத்துக் கிள்ளினான்.

"இது கப்பல்காரங்களுக்குச் சொல்றது அத்தை. நம்ம ஆளுங்களும் நம்புவாங்கன்னு நான் கண்டேனா?"

"நம்பிட்டாங்க. என் பொண்ணு நம்பிட்டா. குழந்தையை வச்சுக்கிட்டுக் கோழி கிளம்பக் காத்திருக்கா. நீ வந்து, அது பொய், நானே கட்டினதுன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

"சொல்லிட்டா இந்தக் கரையில என் மூஞ்சியில எவன் முழிப்பான்?"

"இப்ப மட்டும் மூஞ்சி எங்கடா தெரியுது? சுண்ணாம்புதானே தெரியுது."

"நீங்க காட்டுப்பக்கம் போனதுலேர்ந்து வாய் ரொம்பக் காட்டமாயிருச்சு அத்தை," என்று சிரித்துவிட்டு முட்டை விற்கப் போய்விட்டான். பின்னாலேயே நாயும் போனது.

மகள் வாசலிலேயே என் காலைப் பார்த்தாள்.

"செம்மண் காலோட உள்ள வராதீங்க, மேட்டுக்காரம்மா."

"மேட்டுக்காரியா? உன் தொப்புள்கொடியை இந்தக் கரையிலதான்டி புதைச்சேன்."

"அதனாலதான் நான் இங்கயே இருக்கேன்."

குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றிய கீரையும் வாழைக்காயும் வைத்தாள். சாப்பிடும்போதே தரை ஒருமுறை குலுங்கியது. குழந்தை திடுக்கிட்டுக் கையை விரித்தது. தகரக் கூரை கடகடவென்று ஆடி நின்றது. தொர்க்காஸ் மேலே பார்க்கக்கூட இல்லை. கீரையை வழித்து என் இலையில் வைத்தாள்.

"உங்கப்பா எப்படிச் செத்தார்னு உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும். குழி மூடிருச்சு. அது வேற. கோழி போனது வேற."

"கோழி போனதை நீ பார்த்தியா?"

"எல்லாருக்கும் தெரியும்மா."

"எல்லாருக்கும் பெனியாஸ் சொன்னான். பெனியாஸுக்கு யார் சொன்னது?"

"முன்னோர் சொன்னது."

"முன்னோர்ல நான் ஒருத்தி, உன் முன்னாடிதான் உக்கார்ந்திருக்கேன். எனக்கு யாரும் சொல்லலையே."

"உங்களுக்கு வானொலி சொல்லணும். அது எத்தனை தடவை கத்துச்சு? நீங்க சின்ன வயசுல ரெண்டு வருஷம் மூட்டையைக் கட்டிக் கட்டி அவுத்தீங்களாமே, என்ன வெடிச்சுது? அங்க வந்து என்ன பண்றது? கொசுக்கடியில சக்கரவள்ளி தோண்டறதா? கடல் இல்லாத ஊர்ல இவர் படகை எங்க விடுவார், வாய்க்கால்லயா? நேத்துக்கூட இவர் ஆறு முட்டை கொண்டு வந்தார். கோழி போகட்டும்மா. அன்னைக்கே வர்றேன். சத்தியம்."

அவள் சத்தியம் செய்தால் மாறமாட்டாள். அந்தக் குணம் அவள் அப்பாவிடமிருந்து வந்தது. அவரைக் குழிக்குள் இறக்கியதும் அதே குணம்தான்.

குழந்தை என் மடியில் தூங்கிவிட்டது. அதன் உள்ளங்கால்கள் இரண்டும் மேலே தெரிந்தன. நான் வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோழி போகட்டும் என்கிறாள். சரி, போகட்டும்.

மறுநாள் விடியலில் ஒரு மீன் தலையை இலையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வாசலில் தென்னந்துடைப்பம் இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டேன்.

"எங்கம்மா?" என்றாள் மகள், பாயில் படுத்தபடியே.

"உங்கப்பா இடத்தைக் கூட்டிட்டு வர்றேன்."

அவள் குழந்தை பக்கம் திரும்பிப் படுத்தாள். இறந்தவன் கிடக்கும் இடத்தை அவனுடைய பெண்சாதி கூட்டப் போகிறாள் என்றால் எங்கள் ஊரில் யாரும் வழிமறிக்கமாட்டார்கள், கூடவும் வரமாட்டார்கள். பெனியாஸின் வீட்டைத் தாண்டும்போது இலையைக் கொஞ்சம் திறந்தேன். கேப்டன் எழுந்து, உடம்பை முறித்து, என் பின்னால் வந்தது. விசுவாசத்தில் அது எசமானனைப் போலத்தான். யார் கையில் மீன் இருக்கிறதோ அவர்கள் பக்கம்.

முட்டை மணலுக்கு நாயைக் கொண்டுபோவது எங்களுக்கு ஆகாது. குடிகாரன்கூடச் செய்யமாட்டான். கோழி ஒருமுறை நாயைக் கண்டுவிட்டால் பல நாள் அந்தப் பக்கம் வராது என்று நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். யாருமே செய்யாத காரியம் என்பதால் யாருக்குமே சந்தேகம் வராது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மணல்வெளியில் கோழிகள் இறங்கியிருந்தன. கறுப்புக் கறுப்பாக, பெரிய கால்களால் மண்ணைப் பின்னுக்கு வாரி எறிந்துகொண்டு, அவ்வளவு மும்முரம். பின்னால் மலை புகைந்துகொண்டிருந்தது. ஒன்றாவது தலையைத் திருப்பி அதைப் பார்க்க வேண்டுமே! கேப்டன் என்னைப் பார்த்தது. "போ" என்றேன். வாழ்நாளெல்லாம் முட்டை ஓட்டை மட்டுமே நக்கிய நாய், முட்டைக்காரியையே கண்டதும் அம்பாகப் பாய்ந்தது. அலறல், இறகு, புழுதி. சற்று நேரத்தில் மணல் காலியாகக் கிடந்தது. எனக்கு மனம் குளிர்ந்தது என்று எழுதுவதில் வெட்கமில்லை.

பிறகு கூட்டினேன். நாயின் தடமெல்லாம் துடைப்பத்தில் போயிற்று. அவசரமே இல்லை. எங்கள் வீரர்கள் தேநீர் குடித்து, பாக்குப் போட்டு, முதுகில் வெயில் உறைத்த பிறகுதான் குழிக்கு வருவார்கள். நாய் ஓரிடத்தில் முன்னங்கால்களால் பரபரவென்று தோண்டத் தொடங்கியது. நான் ஓடிப்போய்க் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். "அங்க வேணாம்" என்று கத்தினேன். அது முட்டை வாசனைக்குத்தான் தோண்டியது. அவர் கிடக்கும் பழைய மணல் எத்தனையோ ஆள் ஆழத்துக்குக் கீழே இருக்கிறது. தெரியும். இருந்தாலும் அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை கூட்டினேன்.

தொடர்ந்து சில காலைகள் போனேன். இரண்டாம் நாள் வந்த கோழிகள் குறைவு. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

அமீனியோ வெறுங்கையோடு வந்தான். அவன் முகத்தில் சாம்பல் பூசியிருந்தது, உள்ளேயிருந்து.

"முட்டை இல்ல," என்றான். "யார் குழியிலயும் இல்ல. கோழியே இல்ல."

கரை முழுவதும் சேதி பரவியது. வானொலி வாரக்கணக்கில் கத்தியும், எரிமலை ஆய்வு நிலையத்து ஆட்கள் வரைபடத்தோடு வீடு வீடாக வந்து சொல்லியும் அசையாத கரை, பத்துப் பன்னிரண்டு கோழி ஒருநாள் வேலைக்கு வராததும் எழுந்து நின்றது. பானை, பாய், வலை, தகரத் தகடு, பெட்டியில் வைத்த, சங்குகளைப் பணமாகக் கோத்த வளையம், எல்லாம் லாரியில் ஏறின. எல்லோருக்கும் முன்னால் லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தது யார்? பெனியாஸ். முகத்தில் சுண்ணாம்பு இல்லாமலே வெளுத்திருந்தான்.

"நீயே கட்டின கதைதானேடா?" என்று அவன் காதருகே கேட்டேன்.

"அப்படித்தான் நெனச்சேன் அத்தை." அவன் மலையைத் திரும்பிப் பார்த்தான். "ஆனா பாருங்க, நிஜமாவே போயிருச்சு. எனக்குள்ள முன்னோர்தான் பேசியிருக்காங்க, எனக்கே தெரியாம."

பொய்யனை நம்புகிறவன் முட்டாள். தன் பொய்யைத் தானே நம்புகிறவனுக்கு எங்கள் மொழியில் ஒரு சொல் உண்டு. அதை அச்சில் எழுத முடியாது.

தொர்க்காஸ் சத்தியம் தவறவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் கொக்கோ நிலத்துக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து முணுமுணுப்பு. தண்ணீர் மண் வாசனை, மீன் ஊசிப்போனது, கொசு. நாள் மேல் நாள் ஓடியது, மலை ஒன்றும் செய்யவில்லை. கரைக்காரர்கள் முறைத்தார்கள், சிலர் திரும்பிப் போக லாரி தேடினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு காலை, நாங்கள் வாழைக்காய் சுட்டுக்கொண்டிருக்கும்போது, தூரத்தில் கதவை அறைந்து சாத்தியது போல் ஒரு சத்தம். வெளியே வந்து பார்த்தால் வடக்கே வானத்தில் சாம்பல் மரம் கிளை விட்டுக்கொண்டிருந்தது. அன்று சாம்பலோடு மழையும் சேர்ந்து விழுந்தது. மகளின் தகரக் கூரை ஈரச் சாம்பலின் பாரத்தில் தரையோடு படிந்துவிட்டதாக, பிறகு போய்ப் பார்த்த அமீனியோ சொன்னான். தொட்டில் கட்டிய உத்தரம் இரண்டாக முறிந்திருந்ததாம். தொர்க்காஸ் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பார்த்தீங்களாம்மா?" என்றாள். "கோழிக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் வாழைக்காயைத் திருப்பிப் போட்டேன்.

இப்போது கப்பல் மறுபடி வருகிறது. கோழிகளும் வந்துவிட்டன, மணல் சூடாக இருக்கிறதல்லவா. கரையில் கூரைகள் எழுந்துவிட்டன. மகளும் திரும்பிப் போய்விட்டாள். பெனியாஸின் கச்சேரி முன்னைவிட நீளம். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை கோழி எச்சரித்தது என்கிறான், அதற்கு ஊரே சாட்சி. அதில் அத்தைக்கும் ஒரு பங்கு உண்டு. விதவை தன் கணவனின் இடத்தைக் கூட்டப் போனாள், அவர் ஆவிதான் கோழிகளை அனுப்பிவைத்தது என்று சொல்லும்போது வெள்ளைக்காரிகள் தேம்புகிறார்களாம். என் பேத்திக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. நிலம் குலுங்கினால் ஓடிப்போய் மணலைத்தான் பார்க்கிறது.

நான் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் கைதட்டுவார்கள்.

அதனால் நாய் வளர்க்கிறேன். எனக்கு நாய் பிடிக்காது, அதன் வாடை, அதன் உண்ணி, ராவெல்லாம் அதன் ஊளை எதுவும் பிடிக்காது. கேப்டனின் வாரிசுகளில் கால் நீண்டவையாகப் பார்த்து மூன்றைப் பொறுக்கி வந்தேன். மீன் தலை வாங்கிப் போட்டு, "போ" என்றால் பாயப் பழக்கியிருக்கிறேன். போன பண்டிகைக்கு வந்திருந்தபோது தொர்க்காஸ் அவற்றைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இந்த மேட்டுல திருடன்கூட வரமாட்டானே. எதுக்கும்மா இத்தனை நாய்?"

"கோழிக்கு," என்றேன்.

"உங்ககிட்டக் கோழியே இல்லையே!"

"உங்கிட்ட இருக்கே."

அவள் சிரித்துவிட்டு அமீனியோவைப் பார்த்தாள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று அந்தச் சிரிப்பு சொன்னது. நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு நாய்களுக்கு மீன் வெட்டப் போனேன்.